யூனிட் குறைஞ்சதெல்லாம் சேமிப்பில்ல: மட்டக்களப்பு, அம்பாறையில சக்தி வினைத்திறன எப்பிடி அளந்து பார்க்கிறது

கொஞ்சக் காலத்துக்கு முந்தி எங்கட பக்கத்தில ஒரு கூட்டம். ஒருத்தர் ஸ்கிரீன்ல வரைபடம் போட்டுக் காட்டி "2022ல இந்தப் பகுதியில கரண்ட் பாவனை நல்லாக் குறைஞ்சிரிக்கு, சனத்துக்கு விழிப்புணர்வு வந்திட்டு" எண்டு சொன்னார். பின்னால இருந்த ஒரு அம்மா எழும்பிக் கேட்டா, "தம்பி, அந்த வருசம் பாவிக்கிறதுக்குக் கரண்ட் எங்க வந்த?" மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின வருசம் அது. ஆகஸ்ட்டில கட்டணத்த சராசரியா 75% கூட்டினாங்க, அடுத்த பெப்ரவரியில திரும்பவும் 66%. சனம் பேன நிப்பாட்டிப்போட்டு விசிறிமட்டையோட படுத்த காலத்த "வினைத்திறன்" எண்டு ரிப்போட்டில எழுதினா அது அந்தச் சனத்துக்குச் செய்யிற அநியாயம்.

அதுக்குத்தான் இத எழுதுறன். ஒரு மாவட்டம், ஒரு பிரதேச சபை, ஒரு ஊர் எண்டு எதையாவது எடுத்து, அங்க சக்தி வினைத்திறன் (அதே வெளிச்சத்தையும் காத்தையும் குறைஞ்ச சக்தியில எடுக்கிறது) எண்டு அறிவிச்ச கொள்கையெல்லாம் உண்மையாவே வேலை செஞ்சிரிக்கா, எவ்வளவு தூரம் வந்திரிக்கு எண்டு பார்க்கிற விதம். கெம்பஸ் பிள்ளைகள் புரஜெக்டுக்குச் செய்யலாம், சங்கங்கள் செய்யலாம். 2025 மே மாசத் தேர்தலுக்குப் பிறகு சபைகளும் திரும்ப இயங்குது, அதால உறுப்பினர்மாரும் தங்கட சபைய தாங்களே அளந்து பார்க்கலாம். பெரிய இஞ்சினியர் படிப்பெல்லாம் தேவையில்ல, பொறுமையும் ஒரு கல்குலேட்டரும் நாலு பேரோட கதைக்கிற வாயும் இருந்தாக் காணும்.

எல்லைய முதல்ல கீறுங்க

"மட்டக்களப்பு" எண்டு சொல்லிப்போட்டு ஆளாளுக்கு வேற வேற மட்டக்களப்ப எண்ணுறதுதான் முதல் பிழை. மாவட்டம் எண்டா 14 டிஎஸ் (பிரதேச செயலக) பிரிவு, அம்பாறை எண்டா 20. ஆனா கரண்ட் விற்ற கணக்கு டிஎஸ் பிரிவு வாரியா வராது, அது மின்சார சபையின்ட ஏரியா வாரியாத்தான் வரும், அம்பாறை மாவட்டத்துக்குள்ள கல்முனை ஏரியா வேற, அம்பாறை ஏரியா வேற. உள்ளூராட்சி எல்லை இன்னொண்டு. மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்ள மட்டும் மாநகர சபை ஒண்டு, நகர சபை ரெண்டு, பிரதேச சபை ஒம்பது இரிக்கு. அதால சனத்தொகைய கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) எடுத்து யூனிட்ட கரண்ட் ஒபிஸில எடுத்து ஒண்ட ஒண்டால பிரிச்சா வாற எண் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத எண். ஒரு படத்த விரிச்சி ரெண்டு எல்லையையும் கீறி எங்க பொருந்துது, எங்க பொருந்தல்ல எண்டு முதல் பக்கத்திலயே எழுதிவிடுங்க. சிறுசாத் தொடங்க விரும்பினா ஒரு பிரதேச சபையோட நில்லுங்க, அதுதான் என்ட விருப்பம், ஏனெண்டா அங்க ஆக்களப் பிடிச்சிக் கேட்கலாம்.

எழுவான்கரையையும் படுவான்கரையையும் ஒரே சராசரியில போடாதீங்க. வாவிக்குக் கிழக்கால காத்தான்குடி, கல்லடி, களுவாஞ்சிகுடி எண்டு கடையும் ஏசியும் நெருக்கமா இரிக்கிற பக்கம். மேற்கால வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி எண்டு வயலும் மாடும் விறகடுப்பும் இரிக்கிற பக்கம். ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினா ஒரு பக்கத்தின்ட வீண்செலவும் மறுபக்கத்தின்ட இல்லாமையும் ஒண்ட ஒண்டு மூடிப்போடும்.

யார்ட கையில என்ன இரிக்கு

கொள்கைய மதிப்பிடப் போறதுக்கு முந்தி அதிகாரம் யாரிட்ட இரிக்கு எண்டு பார்க்கணும், இல்லாட்டி ஒரு பிரதேச சபைக்கு அது செய்யவே ஏலாத வேலைக்குச் சுழி போட்டிருப்பம்.

கொழும்பில இருந்து வாறது கனக்க. இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை 2007ன் 35ஆம் இலக்கச் சட்டத்தால வந்தது, பேன், பல்ப் மாதிரிச் சாமான்களுக்கு நட்சத்திர லேபல் ஒட்டுற திட்டம், சக்தி முகாமையாளர், சக்திக் கணக்காய்வாளர் அங்கீகாரம் எல்லாம் அவங்கட பக்கம். கட்டிடங்களுக்கான சக்தி வினைத்திறன் கோவை 2008ல வந்து 2020 பதிப்பாப் புதுப்பிச்சிரிக்கு. கட்டணத்த முடிவெடுக்கிறது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. தேசிய சக்திக் கொள்கை 2008ல ஒண்டு, 2019ல ஒண்டு. மாகாண சபைக்கு அரசியலமைப்பின்ட 13ஆம் திருத்தத்தில கிடைச்ச மின்சார அதிகாரம் ஒடுங்கினது, நீர்மின்சாரமும் தேசிய வலையமைப்புக்கு ஊட்டுற மின்சாரமும் தவிர்ந்த உற்பத்தி இடங்களப் பற்றினது அது. அதோட கிழக்கு மாகாண சபையின்ட காலம் 2017 செப்டம்பரோட முடிஞ்சி போச்சி, அதுக்குப் பிறகு ஆளுநர்ட கீழதான்.

அப்ப ஊர் மட்டத்தில என்ன மிஞ்சுது? நிறைய இரிக்கு. தெருவிளக்கு பிரதேச சபை, நகர சபை மாதிரி உள்ளூராட்சிச் சபையின்ட வேலை. கட்டிட வரைபடத்துக்கு அனுமதி குடுக்கிறது சபை. சந்தை, நூலகம், தண்ணிப் பம்ப், சபையின்ட சொந்தக் கட்டிடம், குப்பை லொறி ஓடுற ரூட், எல்லாம் சபைதான். இந்த இடத்திலதான் கேள்வி கேட்கணும். உதாரணத்துக்கு, கடைசி மூண்டு வருசத்தில அனுமதி குடுத்த பெரிய கட்டிடங்களில எத்தினைக்கு அந்தக் கட்டிடக் கோவைய வச்சிச் செக் பண்ணின நீங்க எண்டு கேளுங்க. பதில் வெறும் "ஓம், பார்க்கிறம்" எண்டா அது பதிலில்ல. பைல் வேணும்.

எந்த வருசத்த அடியா வைக்கிறது

இதிலதான் கனபேர் விழுறாங்க. ஒப்பிட ஒரு அடிப்படை வருசம் வேணும், ஆனா எங்கட கிட்டடி வருசங்களில ஒழுங்கான வருசம் தேடுறதே கஷ்டம். 2019ல ஈஸ்டர் தாக்குதல், பாசிக்குடாவும் அறுகம்பேயும் வெறிச்சோடிப் போச்சி. 2020, 2021 கொரோனா. 2021ல ரசாயன உரத்த நிப்பாட்டினதால அந்தப் பெரும்போகம் விளைச்சல் விழுந்து அரிசி மில்லுக்கே வேலை குறைஞ்சது. 2022 சொல்லத் தேவையில்ல. 2022 ஜூலையில இருந்து 2023 செப்டம்பர் தொடங்கும் வரைக்கும் எரிபொருளுக்குக் கியூஆர் கோட்டா, அதால பெற்றோல் டீசல் விற்ற கணக்கும் சனத்தின்ட தேவையக் காட்டாது.

நான் சொல்லுறது 2018 ஒண்டையும், 2024 ஒண்டையும், கிடைச்சா அதுக்குப் பிந்தின ஒரு முழு வருசத்தையும் எடுங்க. நடுவில உள்ளதக் கோட்டில காட்டுங்க, ஆனா அதுக்கு மேல "இது சேமிப்பில்ல" எண்டு எழுதுங்க. கட்டணத்தையும் பக்கத்தில போடணும், ஏனெண்டா அது மேலயும் கீழயும் ஆடின ஆட்டம் பெருசு, 2024 மார்ச்சில 21.9% குறைச்சாங்க, ஜூலையில 22.5%, 2025 ஜனவரியில 20%, மறுகா ஜூனில 15% கூட்டினாங்க. கட்டணம் குறைஞ்சும் ஒரு ஊரில ஆளுக்கான யூனிட் கூடாம இருந்தா அதில ஏதோ உண்மையான மாற்றம் இரிக்கலாம், போய்ப் பாருங்க. கட்டணம் கூடினதும் குறைஞ்சி, குறைஞ்சதும் கூடினா அது கொள்கையில்ல, பொக்கட்.

மாசத்தையும் மாறிப் பிடிக்காதீங்க. ஜூன் ஜூலையில கச்சான் காத்து அடிக்கிற நேரம் வீட்டுக்குள்ள இரிக்க ஏலாது, பேன் இரவு பகலா ஓடும், டிசம்பரில மழைக்குப் போர்வை தேடுவம். ஓகஸ்ட் பில்ல ஜனவரி பில்லோட வச்சி "திட்டம் தொடங்கி அரைவாசி குறைஞ்சிட்டு" எண்டு காட்டின ஒரு ரிப்போட்ட நான் கண்ணால பார்த்திரிக்கன். ஜூலைய ஜூலையோட, டிசம்பர டிசம்பரோட. அவ்வளவுதான் விதி.

எண் எங்க கிடைக்கும்

நாட்டுக் கணக்குக்கு வலு அதிகாரசபை வருசா வருசம் சக்திச் சமநிலை அறிக்கை போடுது, மின்சார சபை புள்ளிவிபரத் தொகுப்பு போடுது. கிழக்கு மாகாணம் மின்சார சபையின்ட இரண்டாம் விநியோகப் பிரிவுக்குள்ள வந்தது. 2024ன் 36ஆம் இலக்கச் சட்டப்படி மின்சார சபைய உடைச்சிக் கம்பனிகளாக்கிறதால பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் ஒட்டும்போது எல்லை மாறியிரிக்கா எண்டு பாருங்க. மாவட்டப் புள்ளிவிபரக் கையேடு கச்சேரியில இரிக்கும். 2012 குடிசன மதிப்பீட்டில வீட்டு வெளிச்சத்துக்கும் சமையலுக்கும் சனம் என்ன பாவிக்குது எண்டு பிரிவு வாரியா இரிக்கு, பழசு எண்டாலும் அடியா வைக்க நல்லது.

ஊர் மட்ட எண்ணுக்குத் தகவலறியும் உரிமைச் சட்டம்தான் கைகுடுக்கும். 2016ன் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியில இருந்து நடைமுறையில இரிக்கு. 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும், தேவையெண்டா இன்னும் 21 நாள் எடுக்கலாம். கேள்விய அகலமாக் கேட்டா அகலமான பதில்தான் வரும். "சக்தி வினைத்திறனுக்காக என்ன செய்தீர்கள்" எண்டு கேட்டா ரெண்டு பக்கத்துக்கு வாழ்த்துரை வரும். இப்பிடி எழுதுங்க:

"2018 ஜனவரி தொடக்கம் 2024 டிசம்பர் வரை தங்கள் சபையின் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு மின்கணக்கிற்கும் மாதாந்தம் பாவிக்கப்பட்ட அலகுகளின் எண்ணிக்கை. இக்காலப்பகுதியில் பொருத்தப்பட்ட, மாற்றப்பட்ட, பழுதடைந்த தெருவிளக்குகளின் எண்ணிக்கையும் அவற்றின் வாற்று அளவும், வட்டார ரீதியாக. மின்விளக்குக் கொள்வனவுக்கான செலவு, வருட ரீதியாக."

எண், காலம், இடம் மூண்டும் கேள்விக்குள்ள இருக்கணும். குடுத்ததுக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்க. நேரில போய் மரியாதையாக் கதைச்சா பாதி வேலை அங்கேயே முடியும், டெக்னிக்கல் ஒபிஸர்மாரில கனபேர் இந்தக் கணக்கப் பார்க்க யாராவது வரமாட்டாங்களா எண்டுதான் இரிக்காங்க.

தெருவிளக்கு: ஒரு கணக்க முழுசாச் செஞ்சி பார்ப்பம்

எந்தச் சபையக் கேட்டாலும் முதல்ல சொல்லுறது "எல்லாத்தையும் எல்ஈடியா மாத்திட்டம்" எண்டுதான். நல்ல வேலை, சந்தேகமில்ல. ஆனா எவ்வளவு மிச்சம்?

ஆயிரம் விளக்கு எண்டு வைப்பம். பழைய மஞ்சள் சோடியம் விளக்கு 150 வாற்று, சோக்கோட சேர்த்தா கிட்டத்தட்ட 170. புது எல்ஈடி 60. ஒரு விளக்குக்கு 110 வாற்று மிச்சம், இரவுக்கு 11 மணித்தியாலம், வருசத்துக்கு 365 நாள், ஆயிரம் விளக்கு. நாலு லட்சத்து நாப்பத்தியோராயிரம் யூனிட் சுற்று (ஆயிரம் வாற்று ஒரு மணித்தியாலம் எரிஞ்சா ஒரு யூனிட்). பேப்பரில இந்த எண்தான் வரும்.

இப்ப பழைய விளக்குகளில 300 எரியாமக் கிடந்தது எண்டு வைங்க, எங்கட ஒழுங்கைகளத் தெரிஞ்ச ஆக்களுக்கு அது நடக்காத காரியமில்ல. அப்ப பழைய பாவனை 700 விளக்குக்கு 119 கிலோவாற்று. புதுசு ஆயிரமும் எரியுது, 60 கிலோவாற்று. மிச்சம் 59 கிலோவாற்று, வருசத்துக்கு ரெண்டு லட்சத்து முப்பத்தேழாயிரம் யூனிட்டுக்குக் கிட்ட. சொன்னதில அரைவாசி கொஞ்சம் கூட. ஆனா இதில இன்னொரு பக்கமும் இரிக்கு, அதையும் கட்டாயம் எழுதணும்: இருட்டில கிடந்த 300 இடத்துக்கு வெளிச்சம் வந்திரிக்கு, டியூசன் முடிஞ்சி வாற பொம்புளப் பிள்ளைகள் பயமில்லாம வீட்ட வருகுதுகள். அது நட்டமில்ல, கிடைச்ச சேவை. அதால ரெண்டு வரி எழுதுங்க, ஒண்டு யூனிட் எவ்வளவு குறைஞ்சது, மற்றது எரியிற விளக்கு எத்தினை கூடினது. ஒரு எரியிற விளக்குக்கு வருசத்துக்கு எத்தினை யூனிட் எண்ட எண்தான் சரியான அளவு. பழசு 680 சொச்சம், புதுசு 240 சொச்சம். இதில பொய் சொல்ல ஏலாது.

இரவு எட்டு மணிக்கு மோட்டர்சைக்கிள்ள ஒரு வட்டாரத்தச் சுத்தி எரியிறத எண்ணுங்க. மறுகா விடிய ஏழு மணிக்கும் அதே ரோட்டால போங்க. சூரியன் வந்த பிறகும் எரியிற எல்ஈடியக் கண்டா எழுதிக்கொள்ளுங்க. சுவிச்ச நிப்பாட்ட ஒரு ஆள் இல்லாத ஊரில விளக்க மாத்திப் பாதிப் பலன்தான்.

வீடு

ஒரு பிரிவில 40 வீடு காணும், ஆனா தெரிஞ்ச ஆக்கள்ற வீடா 40 எடுக்காதீங்க. கடலோரம், டவுன், வயல் பக்கம், மீள்குடியேற்ற வீட்டுத்திட்டம் எண்டு பிரிச்சி ஒவ்வொண்டிலயும் பத்து. 12 மாசப் பில் கேளுங்க, பில் இல்லாட்டி மீட்டர நீங்களே ரெண்டு மாசம் வாசிங்க. கணக்கிலக்கத்த எழுதிக்கொண்டு போகாதீங்க, அது அந்த வீட்டுக்காரர்ட விசயம்.

60 யூனிட் எண்ட கோட்டக் கவனமாப் பாருங்க. 60க்குக் கீழ இரிக்கிற வீட்டுக்கு ஒரு கட்டண வரிசை, தாண்டினா முதல் யூனிட்டில இருந்தே வேற வரிசை. அதால 58க்கும் 62க்கும் நடுவில உள்ள வித்தியாசம் நாலு யூனிட் காசில்ல. பழைய சீலிங் பேன் 75 வாற்று எடுக்கும், கரண்ட் குறைவா எடுக்கிற மோட்டர் போட்ட புது பிஎல்டிசி பேன் 30 அளவில. ஒரு நாளைக்கு 12 மணித்தியாலம் ஓடினா மாசத்துக்கு 16 யூனிட் குறையும். 70 யூனிட் பாவிக்கிற வீட்டில ஒரு பேன் மாத்தினா 54க்கு இறங்கி, காத்தும் குறையாம, கோட்டுக்குக் கீழ வந்திடும். ஆனா அந்தப் பேன்ட விலைய ஒரே தரத்தில குடுக்க ஏலாத வீடுகள்தான் அந்தக் கோட்டில நிக்குது. அதால கொள்கைய மதிப்பிடேக்க "லேபல் இரிக்கா" எண்டதோட நிக்காம "எங்கட டவுன் கடையில நல்ல நட்சத்திரப் பேன் கிடைக்குதா, என்ன விலை, தவணைக்குக் குடுக்காங்களா" எண்டு நாலு கடை ஏறி இறங்குங்க. இந்தக் கடைச் சர்வே எனக்கு எந்தக் கொள்கைப் பேப்பரையும் விடக் கூடச் சொல்லித் தந்தது.

அடுத்தது சோலர். கூரையில சோலர் போட்டா அது நல்லம், நானும் ஆதரிக்கிறன், ஆனா அது வினைத்திறனில்ல. 2016 செப்டம்பரில சூரிய பல சங்கிராமய எண்ட கூரைச் சோலர்த் திட்டம் தொடங்கின பிறகு நெட் மீட்டரிங், நெட் அக்கவுண்டிங் எண்டு (லைனுக்குக் குடுத்த கரண்ட, எடுத்ததில கழிக்கிற முறைகள்) கனக்க வீடு வந்திட்டு, அந்த வீடுகள்ற பில்லப் பார்த்தா பாவனை சுழி மாதிரி இரிக்கும். உண்மைப் பாவனைக்கு இன்வேட்டர்ல எவ்வளவு உற்பத்தி எண்டு பார்த்து, அதோட லைன்ல இருந்து எடுத்தத கூட்டி, லைனுக்குக் குடுத்தத கழிக்கணும். 120 எடுத்து, 450 உற்பத்தி செஞ்சி, 380 குடுத்திருந்தா அந்த வீடு பாவிச்சது 190. சோலருக்கு முந்தி 140 பாவிச்ச வீடு எண்டா பாவனை 50 யூனிட் கூடியிரிக்கு, பெரும்பாலும் ஏசி ஒண்டு வந்திருக்கும். ஊருக்கே சேர்த்து இப்பிடிப் பார்த்தா சில இடங்களில "குறைஞ்சது" எண்டு சொன்னது கூடினதா மாறும். ராவில 6.30ல இருந்து 10.30 வரைக்குமான உச்ச நேரத்தில சோலர் உதவாது, பேன மாத்தினா உதவும், இந்த வித்தியாசத்த ரிப்போட்டில ஒரு பந்தியாவது எழுதுங்க.

மில், ஐஸ், ஹொட்டேல்

மொத்த யூனிட்டப் பார்க்கவே பார்க்காதீங்க. அரிசி மில் எண்டா ஒரு தொன் நெல்லுக்கு எத்தினை யூனிட். ஐஸ் போடுற இடமெண்டா ஒரு ஐஸ் பாருக்கு எத்தினை. பாசிக்குடா ஹொட்டேலுக்கு ஆள் தங்கின ஒரு ரூம் இரவுக்கு எத்தினை. உதாரணத்துக்கு ஒரு மில் ஒரு போகத்தில 1,000 தொன் குத்தி 35,000 யூனிட் எடுத்தது, அடுத்த தரம் 600 தொன் குத்தி 24,000 எண்டு வைப்பம். பில் 11,000 யூனிட் குறைஞ்சிரிக்கு. ஆனா தொன்னுக்கு 35ல இருந்து 40க்கு ஏறியிரிக்கு, மோட்டர் அரைப் பாரத்தில ஓடியிருக்கும். விளைச்சல் விழுந்ததத்தான் அந்தப் பில் காட்டுது.

சம்மாந்துறைப் பக்கம் ஒரு மில் முதலாளியோட கதைச்சன். "தம்பி, மோட்டர் எரிஞ்சா கம்பி சுத்தித் திரும்பப் போடுறம், புதுசு வாங்க எங்க நேரம், அறுவடைக்குள்ள மில் நிக்கக் கூடாது" எண்டார். இத எந்தப் படிவத்திலயும் கேட்கமாட்டாங்க. கனதரம் சுத்தின மோட்டர் வினைத்திறன் இழக்கும், ஆனா அவருக்குத் தேவை அறுவடைக்கு முந்தின மாசங்களில மோட்டர் மாத்தக் கடன். அப்ப கொள்கையக் கேட்கிற கேள்வியும் மாறுது: கடன் திட்டம் இரிக்கா எண்டு மட்டுமில்ல, எந்த மாசம் திறக்குது? மில்காரர் உமியில நெல்லு அவிக்கிறத கணக்கில சேர்க்க மறந்திடாதீங்க.

விறகு, கேஸ், மண்ணெண்ணெய்

கரண்ட மட்டும் அளந்தா ஒரு சின்னத் துண்டத்தான் அளந்திரிக்கம். இலங்கையின்ட மொத்தச் சக்தியில மூண்டில ஒரு பங்கு சுற்று இன்னும் விறகு மாதிரியான உயிர்த்திணிவுதான். படுவான்கரையில அடுப்படிக்குப் போகாம எழுதின சக்தி ரிப்போட்ட நான் நம்பமாட்டன்.

எல்லாத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டு வாங்க. காய்ஞ்ச விறகு ஒரு கிலோவில 4 யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட, கேஸ் ஒரு கிலோவில 13க்குக் கிட்ட, டீசலும் மண்ணெண்ணெயும் லீட்டருக்கு 10 அளவில எண்டு வைக்கலாம். ஆனா மூண்டு கல்லு அடுப்பில பத்தில ஒரு பங்கு சொச்சம்தான் சட்டிக்குப் போகும், கேஸ் அடுப்பில பாதிக்கு மேல போகும். அதால ஒரு வீடு விறகில இருந்து கேஸுக்கு மாறினா வாங்கின எரிபொருள்ச் செலவு கூடும், எரிச்ச சக்தி குறையும், அம்மாட நெஞ்சுக்குள்ள போற புகையும் குறையும். 2022ல கேஸ் இல்லாம சனம் திரும்ப விறகுக்குப் போனது இதுக்கு நேர்மாறு, அந்த வருசம் கரண்டுக் கணக்கு "நல்லா" இருந்தாலும் அடுப்படிக் கணக்கு பின்னால போயிரிக்கும். அனகி மாதிரி நல்ல மண் அடுப்பு ஊருக்கு வந்ததா, வந்தது இன்னும் எரியுதா எண்டு வீட்டுக்குள்ள போய்ப் பாருங்க. குடுத்த எண்ணிக்கைய எண்ணாதீங்க, எரியிறத எண்ணுங்க.

தோணி எஞ்சினுக்கு ஒரு தரத்துக்கு எத்தினை லீட்டர், எத்தினை கிலோ மீன் எண்டு வாழைச்சேனையிலயோ கல்முனையிலயோ கேளுங்க, 2022 ஓகஸ்ட்டில மண்ணெண்ணெய் லீட்டர் 87ல இருந்து 340 ரூபாவுக்குப் போன பிறகு அவங்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். இதோட சொல்லணும், மண்முனைப் பாலம் 2014ல திறந்த பிறகு ஆரையம்பதியில இருந்து கொக்கட்டிச்சோலைக்குப் பாதைக்கு (வாவியக் கடக்கிற மிதவைப் படகுக்கு) காத்து நிக்காம, சுத்தி ஓடாம போறம். அத யாரும் சக்திக் கொள்கை எண்டு எழுதல்ல. ஆனா எரிபொருள் மிச்சம் பிடிச்ச வேலைதான், பட்டியல்ல போடுங்க.

புள்ளி போடுறது

உலக வங்கி ரைஸ் (RISE) எண்டு ஒரு அளவு வச்சிரிக்கு, நாடுகளுக்கு நூறுக்குப் புள்ளி போடும், சட்டம், விதி, நிறுவனம் இரிக்கா எண்டு பார்க்கும். நாட்டுக்கு நாடு ஒப்பிட உதவும். ஊருக்கு அது காணாது. நான் பாவிக்கிறது சுழியில இருந்து நாலு வரைக்கும். பேச்சே இல்லாட்டி சுழி. பேப்பரில இருந்தா 1. பொறுப்பான ஆளும் காசும் ஒதுக்கியிருந்தா 2. வேலை நடந்து கண்ணுக்குத் தெரிஞ்சா 3. நடந்ததுக்குப் பிறகு அளந்து, யூனிட் குறைஞ்சதும் சேவை குறையாததும் எழுத்தில இருந்தா மட்டும் 4. பயமில்லாம 1 போடுங்க. எங்கட பக்கத்தில கனக்க விசயம் 1க்கும் 3க்கும் நடுவில நிக்கிறதத்தான் நான் கண்டிரிக்கன், 3ல நிக்கிற வேலைய 4க்குக் கொண்டு போறதுக்குத் தேவைப்படுறது பெரும்பாலும் ஒரு கொப்பியும் மாசத்துக்கு ஒருக்கா மீட்டர் வாசிக்கிற ஒரு ஆளும்தான்.

எல்லாப் புள்ளியையும் கூட்டி ஒரு மொத்தம் போடாதீங்க. தெருவிளக்குக்கு 3, கட்டிட அனுமதிக்கு 1, அடுப்படிக்குச் சுழி எண்டு தனித்தனியா விடுங்க, அப்பதான் எந்தக் கதவத் தட்டணும் எண்டு தெரியும். பக்கத்தில "ஏன்" எண்டு ஒரு வரி: கட்டணமா, காலநிலையா, விளைச்சலா, சோலரா, உண்மையான மாற்றமா. இந்த வரி இல்லாத எண்ண யாருக்கும் குடுக்காதீங்க.

எழுதி முடிஞ்சதும் முதல்ல சபைக்கும் கரண்ட் ஒபிஸுக்கும் காட்டி, பிழை இருந்தாச் சொல்லுங்க எண்டு ரெண்டு கிழமை குடுங்க, பத்திரிகைக்கு அதுக்குப் பிறகு. பில் காட்டின 40 வீட்டுக்கும் ஒரு தாள் குடுக்கணும், அவங்கட யூனிட்டும் ஊர்ச் சராசரியும் போட்டு. மீட்டர் வாசிச்ச கொப்பிய சபை நூலகத்தில ஒரு பிரதி வையுங்க. வாற வருசம் கச்சான் தொடங்கிற மாசம் அதே வீடு, அதே தெரு, அதே மில்லுக்குத் திரும்பப் போறதுக்கு இப்பவே திகதி குறிச்சிக்கொள்ளுங்க.